வாளியை எங்கே கொட்டுவது

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் என் சித்தப்பா மகன் மூன்று நாளைக்கு ஒரு கேம்பர்வேன் வாடகைக்கு எடுத்தான். போர்ட்டிக்சன் கடலோரத்தில் நிறுத்திப் படுத்துக்கொள்ளலாம், ஹோட்டல் காசு மிச்சம் என்பது திட்டம். நாங்கள் ஐந்து பேர். கோவிட்டுக்குப் பிறகு இந்த வேன் மோகம் இங்கேயும் கூடித்தான் விட்டது. உள்ளே படுக்கை, அடுப்பு, பின்மூலையில் ஒரு ஆள் ஒடுங்கி உட்காரக்கூடிய கழிப்பறை. அதற்குக் கீழே சூட்கேஸ் மாதிரி இழுத்தெடுக்கிற ஒரு பெட்டி. ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளும். இரண்டாம் நாள் இரவே அது நிறைந்துவிட்டதென்று சிவப்பு விளக்கு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அந்தப் பெட்டியைக் கொட்ட இடம் தேடினோம். ஒரு எண்ணெய் நிலையத்தில் விஷயத்தைச் சொன்னதுமே அங்கிருந்தவர் கையை ஆட்டிவிட்டார். கடற்கரைப் பொதுக் கழிப்பறை வாசலில் துடைப்பத்தோடு ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். உள்ளே ஊற்றி அடைத்துக்கொண்டால் அவர்தான் கையை விட வேண்டும். திரும்பி வந்துவிட்டோம். "கடல்ல ஊத்திட்டுப் போலாம்டா, யாரு பாக்கப் போறா" என்றான் தம்பி. அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்துக் குவார்ட்ஸைட் போன்ற ஊர்களுக்குக் குளிர்காலத்தில் வேன் வீடுகள் கூட்டம் கூட்டமாக வரும். அங்கே இதற்கென்றே தரையில் மூடி போட்ட துளை உண்டு. குழாயை மாட்டிக் காசு கட்டி ஊற்றிவிட்டுப் போகலாம். நம்மிடம் வேன் வந்துவிட்டது, துளை வரவில்லை.

எனக்கு இது கூடுதல் அவமானம். நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சிவில் படித்துவிட்டுக் கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் வரைகிற ஒரு அலுவலகத்தில் வேலை செய்பவன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்று கணக்குப் போட்டுத்தான் ஒவ்வொரு தாமானுக்கும் குழாய் அளவு முடிவு செய்வோம். அந்தக் கணக்குத் தெரிந்தவனுக்கு ஒரு பெட்டியைக் கொட்ட இடம் தெரியவில்லை.

கடைசியில் ரந்தாவில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். மலிவுவிலைத் தாமான் வீடு, பின்னால் செப்டிக் டாங்க். பெட்டியை வேனிலிருந்து இழுத்து இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நடந்தேன். பெரியம்மா சமையலறையிலிருந்து பார்த்தவர் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"கீழ வை. நீ தூக்காத. எங்கப்பா தூக்குனது போதும்."

நான் கேட்டிருந்த கதையில் தாத்தா ஆஸ்பத்திரி ஆள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸருக்குக் கீழே வேலை பார்த்தார் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னபோது தாத்தா பெயருக்குப் பக்கத்தில் சிவப்புச் சிலுவை போட்டு வைத்தவன் நான். அன்றைக்குப் பெரியம்மா அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. பெட்டியை அவரே வாங்கிக் கழிப்பறையில் ஊற்றி, நான்கு வாளித் தண்ணீர் விட்டு, டெட்டால் போட்டுக் கழுவிக் கொடுத்தார். எங்களுக்கு மீன்கறி சோறு போட்டார். அவர் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. நெகிரி செம்பிலானில் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் வரை, அந்தப் பக்கம் பகாவ் வரை, அத்தனை தோட்டங்கள். லின்சம், பிராட்வால், சுவா பெத்தோங் என்று பெயர்ப்பலகை பார்த்தே வளர்ந்திருக்கிறேன். அந்த லயங்களில் இருந்தவர்களின் மலம் எங்கே போனது?

ஆரம்பத்தில் எங்கும் போகவில்லை. ரப்பர் நிரைகளுக்குள்ளேயே கிடந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்கள் அதற்கு முன் காட்டோரம் ஒதுங்குவார்கள். ஊரில் வயல்வெளியில் செய்ததைத்தான் இங்கேயும் செய்தார்கள். வயலில் வெயில் காயும். ரப்பர் காட்டில் காயாது. கொக்கிப்புழுவின் முட்டைக்கு வேண்டியது நிழல், ஈரம், வெதுவெதுப்பு. மூன்றையும் ரப்பர் தோட்டம் சும்மா கொடுத்தது. முட்டை ஓரிரு நாளில் பொரியும். ஒரு வாரத்தைச் சுற்றி அந்தக் கண்ணுக்குத் தெரியாத புழு மனிதத் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். அதே நிரையில் மறுநாள், மறுவாரம், வெறுங்காலோடு பால் வெட்டுகிறவர் நடப்பார். கால்விரல் இடுக்கில் அரிக்கும். சேற்றுப்புண் என்று மஞ்சள் பூசிக்கொள்வார்கள். புழு இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் போய்ப் பல்லால் கடித்துத் தொங்கும். கொக்கிப்புழுவில் ஒரு வகை நாளொன்றுக்கு 0.15 மில்லிலிட்டருக்குக் குறையாமல் இரத்தம் குடிக்கும். வயிற்றில் நூறு புழு என்றால் தினமும் ஒரு மேசைக்கரண்டி. சோம்பேறிக் கூலி என்று துரைமார் எழுதிவைத்த ஆட்களில் எத்தனை பேர் வெறும் இரத்தச் சோகைக்காரர்கள் என்று யாரும் இனிக் கணக்கெடுக்க முடியாது.

தோல் வழியாகப் புழு நுழைகிறது என்பதை ஆர்தர் லூஸ் என்பவர் கெய்ரோவில் கண்டுபிடித்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். மலாயாவில் ரப்பர் பொங்கியெழுந்த காலமும் ஏறக்குறைய அதுதான். 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறநிறுவனத்தின் ஒரு குழு மலாயா, ஜாவா, பிஜி மூன்றிலும் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. தலைவர் சாமுவேல் டார்லிங், பனாமா கால்வாய் வேலையில் நோயோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர். கூட பார்பர், ஹேக்கர் என்று இருவர். அவர்களுடைய அறிக்கை 1920இல் புத்தகமாக வந்தது. அவர்கள் செய்த வேலையை யோசித்தால் கொஞ்சம் குமட்டும், கொஞ்சம் மரியாதையும் வரும். செனோபோடியம் எண்ணெய் மாதிரி மருந்தைத் தொழிலாளிக்குக் கொடுத்து, அடுத்து வருகிற மலத்தை முழுவதும் சேகரித்து, சல்லடையில் கழுவி, விழுந்த புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். நோய் இருக்கிறதா இல்லையா என்பதோடு விடாமல், ஒரு ஆளுக்குச் சராசரி எத்தனை புழு என்று எண்ணிக்கையாகப் பிடித்தார்கள். இஞ்சினியராக எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

சட்டமும் இருந்தது. கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பும் அதன்பின் வந்த 1923ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும் இருப்பிடம், குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் பொறுப்பாக்கின. லயத்துக்குப் பக்கத்தில் கக்கூஸ் வந்தது. (டச்சுக்காரனின் சொல் அது. நாமும் கக்கூஸ் என்கிறோம், மலாய்க்காரரும் காக்குஸ் என்பார்கள். ஒரே கப்பலில் வந்து இரண்டு மொழியில் இறங்கிய சொல்.) சில இடத்தில் வெறும் குழி. சில இடத்தில் ஓடும் தண்ணீருக்கு மேலே பலகை. சில இடத்தில் வாளி. 1920களில் ஜாவாவில் ராக்பெல்லர்காரர்களே ஒரு முறையைப் பரப்பினார்கள். பெரிய துரப்பணத்தால் குறுகலாக, ஆழமாகத் துளை போட்டு மேலே ஒரு பலகையை வைத்துவிடுவது. துளை நிரம்பினால் மூடிவிட்டு அடுத்த துளை. யாரும் அள்ள வேண்டாம். என்னைக் கேட்டால் அந்தக் காலத்தின் மிகக் கண்ணியமான பொறியியல் அதுதான். ஆனால் நிலத்தடி நீர் மேலே இருக்கும் பள்ளத்தாக்குகளில் துளை கிணறாகிவிடும்.

மலேரியாவோடு ஒப்பிட்டால் ஒரு வேடிக்கை தெரியும். கொசுவுக்காக மால்கம் வாட்சன் கிள்ளானில் 1901இல் தொடங்கி வடிகால் வெட்டினார், புத்தகம் எழுதினார், சர் பட்டம் வாங்கினார். மண்ணுக்கு அடியில் குழாய் பதிப்பது, எந்தச் சரிவில் எந்தக் கொசு முட்டையிடும் என்பது எல்லாம் அருமையான ஆராய்ச்சி. தண்ணீரை வெளியேற்ற இஞ்சினியர் வேண்டியிருந்தது. மலத்தை வெளியேற்ற ஒரு ஆள் போதுமானதாக இருந்தது. அந்த ஆளுக்குத் தோட்டி என்று பெயர்.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்' நாவலைச் சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பில் பல்கலைக்கழக விடுதியில் படித்தேன். ஆலப்புழை மலமள்ளிகளின் மூன்று தலைமுறை. படித்துவிட்டு, நல்லவேளை நம்ம ஆளுங்க ரப்பர் வெட்டத்தான் வந்தாங்க என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. எங்கள் தோட்டத்து நினைவுக் கதைகளில் பால்மரம் உண்டு, கங்காணி உண்டு, கள்ளுக்கடை உண்டு, திருவிழாவில் காட்டிய எம்.ஜி.ஆர். படம் உண்டு. வாளி இல்லை. ஏன் இல்லை என்பதற்குக் காரணம் இடம் போதாமை இல்லை. ராஜகிருஷ்ணன் ராமசாமி மலேசியத் தமிழரின் சாதி உணர்வைப் பற்றி 1984இல் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். கடல் தாண்டியதும் சாதி கரைந்தது என்று மேடையில் சொல்வோம். பால் வெட்ட எந்தச் சாதிக்காரரும் போனார். வாளி தூக்க எல்லாச் சாதிக்காரரும் போனார்களா?

மூன்று மாதம் கழித்துத் தனியாகப் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். கேட்க எனக்குத் தைரியம் வர இரண்டு டம்ளர் தேநீர் ஆனது. அவர் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதாதே என்றார். "அந்தத் தோட்டத்து ஆளுங்க இன்னும் கல்யாணத்துக்கு வராங்க போறாங்க."

அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். நாற்பது கதவு லயம். கடைசிக் கதவுக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகை, எட்டு ஓட்டை, ஆண்களுக்கு நாலு பெண்களுக்கு நாலு. ஓட்டைக்குக் கீழே வாளி. பின்பக்கம் ஒரு சின்னக் கதவு, அதைத் திறந்துதான் வாளியை எடுக்க வேண்டும். தாத்தா காலை நாலு மணிக்குப் போவார். எல்லோரும் எழுமுன் முடித்துவிட வேண்டும் என்று பெரிய கிராணி உத்தரவு. தோளில் ஒரு கம்பு, இரண்டு பக்கமும் வாளி, மேலே நனைத்த சாக்கு. முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் பள்ளத்தில் நீளக் குழி வெட்டியிருக்கும். கொட்டி, சாம்பலும் மண்ணும் போட்டு மூட வேண்டும். மழைக்காலத்தில் குழி ததும்பும். அப்போது கொஞ்சம் தள்ளிப் புதுக் குழி. அதையும் அவர்தான் வெட்ட வேண்டும். சம்பளம் டிரெஸர் கணக்கில் வரும். ஆஸ்பத்திரி ஆள் என்று வீட்டில் சொன்னது பொய்யில்லை, அதுதான் கொடுமை.

நான் பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டேன். நாற்பது கதவு, கதவுக்கு ஐந்து பேர் என்றால் 200 பேர். ஆளுக்குக் கால் கிலோ என்றாலும் தினம் 50 கிலோ மலம். சிறுநீரும் கழுவிய தண்ணீரும் சேர்ந்தால் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. வாளிக்கு 15 லிட்டர் வைத்தால், இரண்டு வாளிக் காவடியோடு தினம் ஐந்தாறு நடை. பெரியம்மாவிடம் சொன்னேன். "ஏழு நடை" என்றார். "நான் எண்ணியிருக்கேன். அம்மா என்ன எழுப்பி உக்கார வச்சிருக்கும், அப்பா வர்ற வரைக்கும்."

சாப்பாட்டில் யாரும் கையை வைக்கமாட்டேன் என்று சொன்னதில்லையாம். கோயில் திருவிழாவில் வரி வாங்கிக்கொள்வார்கள், கரகம் தூக்கத்தான் கூப்பிடமாட்டார்கள். தண்ணீர்க் குழாயில் பாட்டி கடைசியில் நிற்பார். யாரும் நிற்கச் சொன்னதில்லை, அவரே நின்றுகொள்வார். ஆயாக்கொட்டகையில் பெரியம்மாவை மற்றப் பிள்ளைகளோடுதான் போட்டிருந்தார்கள், ஆனால் தனிக் கோப்பை. பள்ளியில் ஒரு வாத்தியார் மட்டும் முன்வரிசையில் உட்கார வைத்தார். அவர் பெயரைச் சொல்லும்போது மட்டும் பெரியம்மா அழுதார்.

அவசரகாலத்தைப் பற்றியும் கேட்டேன். 1948க்குப் பிறகு கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகாமல் இருக்கத் தோட்டத்து லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்வேலி போட்டார்கள். 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபின் அது வேகமானது. வரலாற்றுப் புத்தகங்கள் அந்த வேலியைத் துப்பாக்கியோடு சேர்த்துத்தான் பேசும். எனக்கு வேறொன்று தோன்றியது. ஊரடங்கு இருக்கும் இரவில் வேலிக்கு வெளியே நிரைக்குள் யார் ஒதுங்க முடியும்? காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் வாளிக்கு வந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். பெரியம்மா அப்போது பிறக்கவில்லை. ஆனால் தாத்தா அந்த வேலைக்குப் போன வருஷம் 1951 என்று அவருக்குத் தெரியும். வேலிக்கு வெளியே இருட்டில் போக அனுமதிச் சீட்டு வைத்திருந்த கொஞ்சப் பேரில் தாத்தாவும் ஒருவர் என்று பாட்டி பெருமையாகச் சொல்லுமாம். அந்த வேலையில் பெருமைப்பட அது ஒன்றுதான் இருந்தது போல.

சுதந்திர நாட்டில் 1966இல் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் வந்தது. பெரியம்மாவின் தோட்டத்தில் வீட்டுக்கொரு ஊற்றுக் கக்கூஸ் வந்தது எழுபதுகளின் நடுவில். தாத்தாவை அதற்குப் பின் புல்வெட்ட அனுப்பினார்கள். தோட்டி என்ற பெயர் மட்டும் புல்வெட்டோடு போகவில்லை. அம்மாவுக்கு வந்த முதல் சம்பந்தம் அந்தப் பெயரில்தான் முறிந்தது என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

1993இல் இரண்டு நாடுகளில் இரண்டு சட்டங்கள். இந்தியா கையால் மலமள்ளுவதையும் உலர் கழிப்பறை கட்டுவதையும் தடைசெய்தது. மலேசியா கழிவுநீர்ச் சேவைச் சட்டம் போட்டு, நகராட்சிகளின் கையிலிருந்த வேலையை ஒரே நிறுவனத்திடம் கொடுத்தது. இண்டா வாட்டர் 1994இல் வேலையைத் தொடங்கியது, 2000இல் அரசே அதை எடுத்துக்கொண்டது. இந்தியாவில் சட்டத்துக்குப் பிறகும் ஆட்கள் குழிக்குள் இறங்கிச் செத்துக்கொண்டிருப்பதைத் திவ்யபாரதி 2017இல் 'கக்கூஸ்' என்ற ஆவணப்படமாக எடுத்தார். இங்கே லோரியும் பம்பும் வந்ததால் அந்த மரணங்கள் பெரும்பாலும் இல்லை. இதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன். என் தொழில் செய்த நல்ல காரியம் அது.

ஆனால் லோரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை. செப்டிக் டாங்க் மலத்தைக் கரைத்து மறையச் செய்வதில்லை. கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவிலுள்ள தண்ணீர் வெளியே போகும். அடியில் படிந்த சேற்றை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உறிஞ்சியாக வேண்டும். நாட்டில் தனி வீட்டு டாங்குகள் மட்டும் 10 லட்சத்துக்கு மேல். சுத்திகரிப்பு நிலையங்கள் போதாத ஆரம்ப வருஷங்களில் அந்தச் சேற்றை நீளக் குழி வெட்டி மண்ணில் புதைக்கும் முறையும் இருந்தது. செம்பனைத் தோட்டங்களும் அதற்கு இடம் கொடுத்தன. அலுவலகத்தில் ஒரு பழைய வழிகாட்டி நூலில் அந்தக் குழியின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தேன். ஆழம், அகலம், மேலே போடும் மண்ணின் தடிப்பு எல்லாம் அம்புக்குறி போட்டு. கோயிலுக்குப் பின்னால் தாத்தா வெட்டியதும் இதுவேதான். அவருக்குப் படம் தேவைப்படவில்லை.

போன மாதம் பெரியம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். லயம் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதுவும் இரண்டாம் நடவு. முனியாண்டி மட்டும் ஆலமரத்தடியில் புதுச் சாயத்தோடு இருக்கிறார். பெரியம்மா கோயில் சுவரில் கையை வைத்துக்கொண்டு நடந்து, பள்ளத்தின் விளிம்பில் நின்றார். "இங்கதான்." சரிவு கீழே ஒரு ஓடையில் முடிகிறது. கைப்பேசியில் அளந்தேன், முப்பது மீட்டர் கூட இல்லை. அந்த ஓடை லிங்கி ஆற்றுக்குப் போகிறது. லயத்துப் பெண்கள் துணி துவைத்த இடம் எங்கே என்று கேட்டேன். குழிக்குக் கீழேதான், இருபது எட்டு தள்ளி. என் அலுவலகத்தில் யாராவது இப்படி வரைந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புவோம்.

"இதெல்லாம் எழுதப் போறியா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அப்பா பேரு வேணாம். என்ன வேலன்னு மட்டும் போடு. ஆஸ்பத்திரின்னு போடாத."

கொசு கடிக்கிறது என்று முதலில் காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டவர் அவர்தான். வீடு வரும் வரை சந்தையில் இறால் விலை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பரீட்சை என்று வேறு ஏதேதோ பேசினார். இறங்கியதும் வாசல் குழாயில் செருப்பு இரண்டையும் கவிழ்த்துப் பிடித்துத் தேய்த்துக் கழுவினார். என்னுடையதையும் கேட்டு வாங்கிக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.